தகப்பன் பெயர்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, தருமபுரி வந்து சேர்ந்த பாட்டைப் போன வாரம் எழுதி முடித்தேன். அதில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் வந்தோம் என்று எழுதியிருந்தேன். எங்களோடு வந்திருக்க வேண்டிய ஒரு ஆள் வரவில்லை. அதை வேண்டுமென்றுதான் விட்டேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

தருமபுரி கலெக்டர் ஆபீசில் ஒரு நீள வராந்தா. அதன் கடைசியில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு கிளார்க். கோந்து வாசனை அடித்தது. உள்ளே எங்கேயோ டைப் அடிக்கும் சத்தம். வெளியே நல்ல வெயில்.

மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதில் ஆரோக்கியமேரி உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு முடிந்த பெண். அவளுக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

அவள் இலங்கைப் பிரஜை. இந்தியப் பிரஜை ஆவதற்கு மனு போட வந்திருந்தாள்.

கிளார்க் பெயரை எழுதினார். பிறந்த ஊரை எழுதினார். அடுத்த கோட்டுக்கு வந்தார்.

"தகப்பனார் பேரு?"

அவள் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னத்தாம்மா. தகப்பனார் பேரு?"

"ரெண்டு பேரு இருக்கு சார்."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார். "இதுல ஒரு ஆளுக்குத்தாம்மா எடம் வுட்டிருக்காங்க," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

மலை மேல்

அவளைப் பெற்றவள் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பெயர் மாதையன். அதை நான் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. எழுதும்போது மட்டும் எழுதுகிறேன். அவருடைய தாத்தா காலத்தில் கடத்தூர்ப் பக்கத்திலிருந்து மலைக்குப் போனவர்கள். நாங்கள் அங்கேயே பிறந்தோம். அங்கேயே கொழுந்து பறித்தோம்.

எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். ஒரு மாதம் இருந்தான். அடுத்தது பெண். பேர் வைப்பதற்கு முன்னால் போய்விட்டது. மூன்றாவதும் பையன். நன்றாகச் சிரிப்பான். தவழ ஆரம்பித்தான். ஒரு மழை வாரத்தில் மார்ச்சளி வந்தது.

மூன்று பேரையும் ஒரே சரிவில் புதைத்தோம். தேயிலைச் செடி வேர் அறுந்தால் ஒரு வாசனை வரும். பச்சையாக, கசப்பாக. குழி தோண்டும்போது அந்த வாசனைதான் வந்தது. இன்றைக்கும் எனக்குத் தேயிலை வாசனை என்றால் அதுதான். டீ குடிப்பதை விட்டு ரொம்ப வருஷம் ஆகிறது.

நாலாவது வயிற்றில் இருக்கும்போது தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் போனோம். அவர் சொன்னார்.

"உங்களுக்குப் பிள்ளை தங்காது. வேற ஆளுக்குத் தங்கும். பொறந்ததும் தவுட்டுக்கு வித்துருங்க. பன்னெண்டு வயசு முடியிற வரைக்கும் எங்க பிள்ளைன்னு வாயால சொல்லப்படாது. யாரு கேட்டாலும் சொல்லப்படாது."

இது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. அந்த மலையில் எங்கள் வரிசை வீடுகளிலேயே ஒரு பிச்சை இருந்தான். இரண்டு குப்பன் இருந்தார்கள். ஒரு குப்பனைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்தது. இன்னொருவனை அவன் அத்தை ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கினது. விற்ற பிள்ளை விற்றவர் வீட்டில்தான் வளரும். பால் கொடுப்பது பெற்றவள்தான். பேச்சுக்கு மட்டும் வேறு ஆள் பிள்ளை. சாவு வந்து விசாரித்தால் ஆள் தெரியக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

ஒரு முறம் தவிடு

பக்கத்து வீட்டில் சவரிமுத்து, அன்னம்மாள். வேதக்காரர்கள். அவர்களும் தருமபுரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம்தான். பிள்ளை இல்லை. சவரிமுத்து தேயிலை ஃபேக்டரியில் மெஷின் வேலை பார்த்தார்.

பெண் பிறந்த மூன்றாம் நாள் அன்னம்மாள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு முறம் தவிடு.

"பிள்ளை விக்கிறீங்களாமே?"

"விக்கிறோம்," என்றேன்.

"சொத்தைப் பிள்ளையா, நல்ல பிள்ளையா?"

"சொத்தைதான். எடுத்துக்கிட்டுப் போ."

அப்படித்தான் சொல்ல வேண்டும். பிள்ளையை வாங்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். அப்புறம் திரும்பி வந்து, "இந்தா, எம் பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்க அக்கா," என்று என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

தவிட்டம்மாள் என்று பேர் வைத்தோம். அன்னம்மாள் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, சாமியார் தோட்டத்துக்கு வந்த சமயம் ஞானஸ்நானம் கொடுத்து, ஆரோக்கியமேரி என்று பேர் வைத்தாள். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. எத்தனை சாமி காவல் இருந்தாலும் நல்லதுதான். பிறப்புப் பதிய ஆள் வந்தபோதும் சவரிமுத்துதான் போய் நின்றார். தகப்பன் சவரிமுத்து, தாய் அன்னம்மாள். பதிய வந்தவருக்கு விஷயம் தெரியும். சிரித்துக்கொண்டே எழுதினார்.

அவள் என்னைப் பெரியம்மா என்பாள். அவரைப் பெரியப்பா என்பாள். அன்னம்மாளை அம்மா என்பாள். படுத்ததும் தின்றதும் எங்களிடம்.

உயிரோடு இருந்தாள். ஒரு வயது ஆனது, இரண்டு ஆனது. மழை வாரங்கள் வந்து போயின. இருமினாள், சரியானாள். அதனால் நாங்கள் பேச்சை இன்னும் கவனமாகக் காத்தோம்.

கண்டியில்

பிறகு இரண்டு நாட்டாரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள் என்றார்கள். தோட்டத்து ஆட்களில் இவ்வளவு பேர் இந்தியா எடுத்துக்கொள்ளும், இவ்வளவு பேர் இலங்கை வைத்துக்கொள்ளும். எது வேண்டும் என்று மனு போட வேண்டும்.

என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் கடத்தூர்ப் பக்கத்து ஊரில் இருந்தார். அவரை நாங்கள் அண்ணன் என்போம். நிலத்தில் பங்கு உண்டு, வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் இந்தியாவுக்குப் போட்டோம். சவரிமுத்து ஃபேக்டரி வேலையை விட மனமில்லாமல் இலங்கைக்குப் போட்டார்.

எங்கள் மனு கண்டியில், இந்தியாக்காரர்கள் ஆபீசில். நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். பிள்ளை என் சேலையை விடாது. அதனால் அவர்களும் கூட வந்தார்கள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

அந்த அதிகாரி வடக்கத்தி ஆள். பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். பேர், ஊர், அப்பன் பேர் எல்லாம் எழுதினார்கள். அப்புறம், "பிள்ளைகள்?" என்றார்கள்.

பிள்ளை என் பக்கத்தில்தான் நின்றது. என் முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

அன்னம்மாள் என் காதில், "இப்பவாவது சொல்லிருங்க அக்கா. இது தாள்ல ஏறுற விசயம்," என்றாள்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இன்னும் நாலு வருஷம் இருந்தது.

"பிள்ளை இல்லீங்க," என்றார் அவர்.

தமிழ் சொன்னவர் எட்டிப் பார்த்தார். "அப்ப இது?"

"அது பக்கத்து வூட்டுப் பிள்ளைங்க."

"முந்தானையைப் புடிச்சிக்கிட்டு நிக்குதே?"

"பழக்கமுங்க."

அதிகாரி என்ன என்று கேட்டார். தமிழ் சொன்னவர் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுக் கோடு போட்டார். வேலை முடிந்தது. வெளியே வந்து ஆளுக்கு ஒரு பன் வாங்கித் தின்றோம். பிள்ளை தன் பன்னில் பாதியை எனக்குக் கொடுத்தது.

ஏன் சொல்லவில்லை என்று இங்கே வந்த பிறகு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். படித்தவர்களும் கேட்டார்கள். மூன்று குழியைப் பார்த்துவிட்டு அந்த மேசைக்கு முன்னால் நின்றவர்கள் யாரும் கேட்டதில்லை.

கப்பல்

எங்களுக்கு முதலில் தேதி வந்தது. தோட்டத்தில் பேரை அடித்துவிட்டார்கள். அதற்கு மேல் தங்க முடியாது. அவளுக்குப் பன்னிரண்டு முடியச் சில மாதங்கள் இருந்தன.

"நீங்க போயி வூடு பாருங்க. வயசு முடிஞ்சதும் நானே கொண்டாந்து வுடறேன்," என்றார் சவரிமுத்து. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கப்பலுக்கு டிக்கெட் எடுத்தால் வரலாம், போகலாம் என்று இருந்தோம். ஒரு பிள்ளை ஒரு நாட்டுக்குச் சொந்தமாகிவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது.

அவள் தோட்டத்து ரோட்டில் லாரி வரைக்கும் வந்தாள். "போயிட்டு வாங்க பெரியம்மா," என்றாள். குளிர். அவள் வாயிலிருந்து புகை வந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் தெருவில் இறங்கிய நாள்

ஊரில் நிலப் பங்கு இல்லை. அண்ணன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கம் தட்டி வைத்துக் கொடுத்தார். அண்ணன் சம்சாரம் முனியக்கா. வாய் கொஞ்சம் நீளம். நாங்கள் ரோடு போடும் கூலிக்குப் போனோம். தார் சூட்டில் நின்று பழகினோம். களி தின்னப் பழகினோம்.

பங்குனியில் பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிந்தது.

அன்று என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லை. கிணற்றில் குளித்தார். முகாமில் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தெருவில் இறங்கினார்.

முதல் வீட்டு வாசலில் நின்று சொன்னார். "எனக்கு ஒரு மக இருக்குதுங்க. பேரு தவுட்டம்மா. இன்னியோட பன்னெண்டு முடிஞ்சிது."

அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார். ஒவ்வொரு வாசலாகப் போனார். நான் பின்னாலேயே போனேன். நிறுத்தச் சொல்லத்தான் போனேன். நிறுத்தச் சொல்லவில்லை.

டீக்கடைக்காரர் கேட்டார். "அப்பிடியா மாதையா? பொண்ணு எங்க?"

"கடலுக்கு அந்தாண்ட."

"எப்ப வருது?"

"வரும்."

அவர் வாழ்நாளில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷமாக அடக்கி வைத்ததை ஒரே நாளில் சொல்லித் தீர்த்தார். முனியக்கா மட்டும் சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தவுட்டுக்கு வித்தத இப்ப தண்டோராப் போட்டு வாங்கப் போறாராமா?" என்றாள். அவர் அவளிடமும் நின்று சொன்னார். "எனக்கு ஒரு மக இருக்குது அண்ணி."

அதற்குப் பிறகு மனு மேல் மனு போட்டோம். எல்லா ஆபீசிலும் ஒரே பதில்தான். அந்தப் பெண் அந்த நாட்டுப் பிரஜை. அவளுக்கு அங்கே தாய் தகப்பன் இருக்கிறார்கள். நீங்கள் யார்?

அந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரு தாளும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில்

அங்கே மலையில் கலவரம் வந்தது. வரிசை வீடுகளை எரித்தார்கள். சவரிமுத்து பயந்துபோய் அவளுக்கு விசா எடுத்துக் கப்பலேற்றினார். அவரும் அன்னம்மாளும் வரவில்லை. வர அவர்களுக்கு வழியில்லை.

கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். தகரப் பெட்டி. பாவாடை, தாவணி. நான் என்னைவிடக் குட்டையான பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் என்னைவிட உயரம்.

"பெரியம்மாங்களா?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

சொல்லலாம் என்ற காலம் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ஆமா என்றுதான் வாயில் வந்தது.

எங்களோடு கொட்டகையில் இருந்தாள். நல்ல பிள்ளை. பெற்றது யார் என்று தெரிந்தும் பெரியம்மா என்கிற முறை தவறிப் பேச மாட்டாள். தண்ணீர் எடுத்தாள், கூட்டிப் பெருக்கினாள். ஞாயிற்றுக்கிழமை நடந்தே கோயிலுக்குப் போய்வந்தாள். களியை மட்டும் மென்று தின்றாள். இங்கே யாரும் களியை மெல்ல மாட்டார்கள், உருட்டி விழுங்குவார்கள். முனியக்கா பார்த்துவிட்டு, "விருந்தாடி மாதிரி திங்குது," என்றாள். அது சரிதான்.

விசா முடிந்தால் போக வேண்டும். போனால் எரிந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆறு மாதம் இங்கே தங்கியிருந்தால் கலெக்டர் ஆபீசிலேயே குடியுரிமைக்கு மனு போடலாம் என்று யாரோ சொன்னார்கள். விசாவை நீட்டினோம். ஆறு மாதம் ஆனது. அப்படித்தான் அந்த மேசைக்கு வந்து சேர்ந்தோம்.

மறுபடியும் மேசை

கிளார்க் பொறுமைசாலி. பேனாவைக் கீழே வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டார். தவிடு, பூசாரி, கண்டி எல்லாம். கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க சித்தப்பா பேரும் குப்பன்தாங்க," என்றார். "எனக்குப் புரியுது. மேல இருக்கற ஆளுக்குப் புரியாது. தாளு பேசறதுதான் அங்க பேச்சு."

அவர் விளக்கிச் சொன்னார். சவரிமுத்து மகள் என்று எழுதினால் எல்லாம் சரியாக இருக்கும். இலங்கைத் தாள் எல்லாம் அந்தப் பேரில்தான். சவரிமுத்துவின் தகப்பன் இந்தப் பக்கத்தில் பிறந்தவர் என்பதற்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. அது போதும். மனு நிற்கும்.

"எம் பேரு எழுதினா?" என்றார் என் வீட்டுக்காரர். அன்று அவர் பேசிய முதல் பேச்சு.

"எழுதலாமுங்க. கோர்ட்டுல சத்தியம் பண்ணணும், பெத்தவங்க நாங்கதான்னு. அப்ப இலங்கைத் தாளு பொய்யின்னு ஆவும். இந்தப் பொண்ணு அந்த நாட்டுப் பிரஜைங்கறதே பொய்யின்னு ஆவும். அங்க இருக்கற அந்த ரெண்டு பேரும் பொய் எழுதிக் குடுத்தவங்க. அவங்க மேல கேசு வரலாம். வராமயும் போவலாம். அது நம்ம கையில இல்ல. அதுக்குள்ள விசா முடிஞ்சிரும்."

 உள்ளே டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"பொண்ணுதான் சொல்லணும்," என்றார் கிளார்க். "மனு அதோடது."

அவள் மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அன்னம்மாளும் அப்படித்தான் தடவுவாள். எதையும் முடிவு செய்வதற்கு முன்னால்.

"சவரிமுத்துன்னு எழுதுங்க சார்," என்றாள்.

கிளார்க் உடனே எழுதவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

அவள் திரும்பாமலே பேசினாள். "பெரியப்பா, அவங்க வீடு எரிஞ்சப்ப என்னைத்தான் முதல்ல வெளிய தள்ளினாங்க. நான் இங்க வந்து உக்காந்துக்கிட்டு, அவங்க பொய்க்காரங்கன்னு எழுதிக் குடுக்க ஏலாது."

"எழுதச் சொல்லு," என்றார் அவர்.

கிளார்க் எழுதினார். பேனா கிறீச்சிட்டது.

என் வீட்டுக்காரர் இன்னும் நகரவில்லை. கொஞ்சம் முன்னால் வந்து மேசையில் கை வைத்தார். தார் வேலை செய்த கை, நகம் எல்லாம் கறுப்பு.

"சாமி, ஒண்ணு கேக்கலாமுங்களா? எம் பேரு வேண்டாம். நாங்க வெச்ச பேராவது போடலாமுங்களா? தவிட்டம்மாள் என்கிற ஆரோக்கியமேரின்னு?"

"'என்கிற' போடலாமுங்க. நெறைய பேரு போடறாங்க. பொண்ணு சம்மதிச்சாப் போதும்."

இப்போது அவள் திரும்பினாள். அவருடைய கையைப் பார்த்தாள்.

"அது ஏன்னு கேப்பாங்க பெரியப்பா. கேட்டா எல்லாம் வெளிய வரும்."

"அதும் சரிதான்."

"அந்தப் பேரு நான் உசிரோட இருக்கணும்னு வெச்சதுதானே? நான் இருக்கேனே."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

எனக்கு அன்று அவள் மேல் கோபம் வந்தது. இப்போது இல்லை. அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சாட்சி

உள்ளூரில் இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்றார் கிளார்க். அவளைத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும், சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது.

எங்களைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"தாளுப்படி நீங்க சொந்தமில்லைங்க. போடலாம்," என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எனக்கு அப்போது இரண்டாம் வகுப்பு எழுத்துதான். 'இவரை எனக்குச் சிறு வயது முதல் தெரியும். நல்ல நடத்தை உள்ளவர். இவர் எனக்கு உறவு அல்ல.' கீழே பச்சையம்மாள் என்று கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரருக்குக் கைநாட்டு. விரலில் ஒட்டின மையை அவர் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் போலீஸ் விசாரணைக்கு ஊருக்கு வருவார்கள் என்றார்கள். அதுதான் பெரிய தொல்லையாகப் போனது. ஊர் முழுவதற்கும் அவள் எங்கள் மகள் என்று தெரியும். தெரிய வைத்தவரே அவர்தான்.

மறுபடியும் அவர் தெருவில் இறங்கினார். இந்த முறை சட்டையைக்கூட மாற்றவில்லை. ஒவ்வொரு வாசலாக நின்றார். "போலீசு வந்தா அது எம் மக இல்லீன்னு சொல்லிருங்க. யாரோ சிலோன் பொண்ணு, எங்ககிட்டத் தங்கியிருக்குதுன்னு சொல்லுங்க."

டீக்கடைக்காரர், "அன்னிக்கு மக இருக்குதுன்ன, இன்னிக்கு இல்லேங்கற. எதைத்தான் நம்பறது மாதையா?" என்றார்.

"இன்னிக்குச் சொல்றத மட்டும் சொல்லு."

ஏட்டு சைக்கிளில் வந்தார். நேராக முனியக்காவிடம்தான் வந்து நின்றார்.  அவள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த சிலோன் பொண்ணு மாதையனுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணியும் இல்லீங்க," என்றாள் முனியக்கா. "யாரோ வேதக்காரப் பொண்ணு. போக்கிடம் இல்லைன்னு தங்கியிருக்குது. இதுங்களுக்குப் பிள்ளையும் கிடையாது குட்டியும் கிடையாதுங்க. பொறந்ததெல்லாம் மலையிலயே போயிருச்சு."

"எல்லாமா?"

"எல்லாந்தாங்க."

ஏட்டு எழுதிக்கொண்டார். ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் சைக்கிள் மறைந்த பிறகும் முனியக்கா முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். முறத்தில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவள் என்னைக் குத்திப் பேசுவதை விட்டுவிட்டாள். குத்திப் பேசியே இருந்திருக்கலாம்.

பெஞ்சில்

மனு பாஸாகிவிட்டது, வந்து உறுதிமொழி சொல்ல வேண்டும் என்று ஆள் வந்து சொன்னார். மூன்று பேரும் தருமபுரிக்கு பஸ் ஏறினோம். அவள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். நீலக் கரை. சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் சொல்லியிருந்தார்கள். தாள் கையில் வந்ததும் போக வேண்டும்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டார். அவள் தூங்கிவிட்டாள். தலை அவர் தோளில் சாய்ந்தது. அவர் தருமபுரி வரும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது ஒரு கை மரத்துப் போயிருந்தது.

அதிகாரி அறைக்கு வெளியே ஒரு பெஞ்ச். உட்கார்ந்தோம். அறைக்கு அரைக் கதவு, ஸ்பிரிங் வைத்தது. கொஞ்ச நேரத்தில் பியூன் வந்து கூப்பிட்டார்.

"ஆரோக்கியமேரி யாரு? உள்ள வாம்மா." எங்களைப் பார்த்தார். நல்ல மனுஷன். "குடும்பத்தாளுங்கன்னா நீங்களும் வரலாமுங்க. ஐயா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அவள் நின்றாள். எங்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நாங்க குடும்பம் இல்லீங்க," என்றார். "தொணைக்கு வந்தவங்க."

அவள் உள்ளே போனாள். கதவு இரண்டு மூன்று தரம் ஆடி நின்றது.

நாங்கள் பெஞ்சிலேயே இருந்தோம். உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரோ படித்துச் சொன்னார்கள். அப்புறம் அவள் குரல் கேட்டது.

"சவரிமுத்து மகள் ஆரோக்கியமேரி என்னும் நான்..."

திக்கவில்லை, தடங்கவில்லை. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி சொன்னாள். அவர் தலையைக் குனிந்து, காதை அந்தப் பக்கம் கொடுத்துக் கேட்டார்.

முடிந்ததும் நிமிர்ந்தார்.

"கொரலு கணீர்னு இருக்குது," என்றார்.

"ஆமா," என்றேன்.